அப்பாவின் கரார்டா, புது பிளேயரா? முதலில் தட்டுகளை எண்ணுங்கள்

வாசகர் கேள்வி:

"அப்பா பாவித்த கரார்ட் ஒட்டோ சேஞ்சர், அதாவது தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் இசைத்தட்டு பிளேயர், தேக்குப் பெட்டியோடு வீட்டில் இருக்கிறது. வேகத்துக்கு 16, 33, 45, 78 என்று நான்கு இலக்கம் போட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த வால்வ் ரேடியோவை எப்போதோ கழற்றிவிட்டார்கள். 1990க்குப் பிறகு யாரும் இயக்கவில்லை. போன மாதம் மகனின் ஹோம் தியேட்டர் அம்பிளிஃபயரில் கொழுவிப் பார்த்தேன். தட்டு மெதுவாகச் சுற்றுகிறது, 'டக் டக்' என்று ஒரு சத்தம், பாட்டு காதுக்கு எட்டாத அளவு சன்னம். பாட்டு முடிந்தும் கை எழும்பவில்லை. இரண்டாம் தடவை போட்டபோது புகை மணம் வந்தது, பயந்து நிறுத்திவிட்டேன். கையில் 78 வேகத் தட்டுகள் ஐம்பதளவில், 33 வேகத்து எல்.பி. முப்பது, சிறிய 45 வேகத் தட்டுகள் இருபது. ரொறன்ரோவிலுள்ள தம்பி அங்கே பாவித்த பெல்ட் பிளேயர் ஒன்றை மலிவாகக் கண்டிருக்கிறான், அனுப்பவா என்று கேட்கிறான். கடையில் சூட்கேஸ் மாதிரிப் புதியவையும் இருக்கின்றன. பழையதைத் திருத்துவதா, தம்பியிடம் வாங்குவதா, புதிதாக எடுப்பதா?"
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை, திருகோணமலை

பதில்:

வணக்கம் ரீச்சர். தட்டுகளை எண்ணி எழுதியது பெரிய உதவி. பழைய பிளேயர் நல்லதா, புதியது நல்லதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 பிளேயர் வரிசை 1972இல் வந்தது, 2010இல் நிறுத்தப்பட்டது, 2016இல் திரும்பவும் வந்தது. அதைப் பழையது என்பதா, புதியது என்பதா? ஆனால் எந்தத் தட்டுக்கு எந்த ஊசி, அந்த ஊசி எத்தனை கிராம் பாரத்தில் தட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை உண்டு. உங்கள் தட்டுகளில் பாதி 78. தீர்மானத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

78 தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரை ஏறத்தாழ 75 மைக்ரோன். ஸ்டீரியோ எல்.பி.க்கு 18 மைக்ரோன் போதும். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவர்களில் தங்காமல் அடியில் போய் உரசும். அங்கே கிடப்பது பழைய தூசியும் பழைய ஊசிகள் அரைத்த பொடியும்தான். பாட்டைவிட இரைச்சல் கூடக் கேட்கும், ஊசியும் கெடும். மாறாக, 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி. அன்றோடு சரி. அப்பாவின் கரார்டில் கையின் முன்பக்கம், ஊசி இருக்கும் காட்ரிட்ஜில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கிறதா பாருங்கள். அதைத் திருப்பினால் ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. என்று ஊசி மாறும். இதை அறியாமல் தட்டைக் கெடுத்தவர்கள் ஏராளம்.

புகை மணத்தை முதலில் பார்ப்போம். அது தீர்கிற வரைக்கும் தயவுசெய்து அந்த பிளக்கைத் திரும்பக் குத்த வேண்டாம். அந்தக் காலத்து பிளேயர்களில் பவர் சுவிட்சுக்குக் குறுக்கே கடதாசிக் கப்பாசிட்டர் ஒன்று இருக்கும். சுவிட்ச் நிற்கும்போது எழும் பொறியை அடக்கி, ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்காமல் செய்வது அதன் வேலை. காலம் போக அதன் மேலுறை வெடித்து, ஈரம் உள்ளே இறங்கும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டில் முப்பது வருடம் கிடந்தது தப்பியிருக்க வாய்ப்பே இல்லை. மின்சாரம் வந்ததும் அது சூடாகிப் புகையும். பெரும்பாலும் பழுது அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு அதே மைக்ரோஃபரட் அளவில், 'எக்ஸ்2' என்று அச்சிட்ட 275 வோல்ட் ஏ.சி. கப்பாசிட்டர் போட வேண்டும். சாதாரண டி.சி. கப்பாசிட்டரைப் போட்டு 'சரிவரும்' என்று சொல்லும் திருத்துநரிடம் கொடுக்காதீர்கள். கூடவே பழைய இரட்டை வயரை மாற்றி, எர்த்தோடு மூன்று வயர் போட்டு, 13 அம்பியர் பிளக்குக்குள் 3 அம்பியர் ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள். இரும்புத் தளம் உள்ள மெசின் இது.

இரண்டாவது, மெதுவான சுற்று. எவ்வளவு மெதுவு என்று அளக்கச் சுலபமான வழி இருக்கிறது. தட்டின் ஓரத்துக்கு அடியில் ஒரு கடதாசித் துண்டை நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்து, ஃபோனில் நேரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வரவேண்டும். 45 வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 45 சுற்று, 78இல் 78. குறைவாக வந்தால் பெரும்பாலும் காரணம் காய்ந்த எண்ணெய். மோட்டரின் மேல், கீழ் பெயரிங்குகளைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். மின்சாரம் இல்லாமல் விரலால் சுழற்றிவிட்டால் மோட்டர் சில விநாடிகளாவது தானாக ஓட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. அது சில மாதத்தில் பிசினாகி, மோட்டரை முன்பைவிட இறுக்கிவிடும். கலனில் வரும் டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரேயும் வேண்டாம். அது றப்பரில் பட்டால் வழுக்கும், பெயரிங்கில் நிலைக்காது.

'டக் டக்' சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரே ஒரு தடவை கேட்டால் அது தட்டில் உள்ள கீறல். ஒரு சுற்றுக்குள் பல தடவை, தட்டை மாற்றினாலும் அதே தாளத்தில் கேட்டால் அது உள்ளே இருக்கும் றப்பர் சில்லு. கரார்டில் பெல்ட் கிடையாது. மோட்டரின் கப்பிக்கும் சுழல்மேடையின் உள்விளிம்புக்கும் இடையே இந்தச் சில்லுதான் அழுத்திக்கொண்டு சுற்றுகிறது. மெசினை அதன் நெம்பால் நிறுத்தினால் சில்லு விலகிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போய்விட்டாலோ சுவர் சுவிட்சால் நிறுத்தினாலோ அழுத்தியபடியே நிற்கும். அப்படியே வருடக்கணக்கில் நின்றால் றப்பரில் பள்ளம் விழும். கரண்ட் அடிக்கடி போன ஊரில் இது எத்தனை மெசினுக்கு நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சில்லைக் கழற்றி நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் உயிர் இருக்கிறது. பாமசியில் வாங்கும் ஐசோபுரொப்பில் அற்ககோலால் விளிம்பைத் துடைத்து, 400ஆம் இலக்க மணல்தாளைச் சீராகப் பிடித்து, சில்லைச் சுழற்றி மேலே மினுங்கும் தோலை மட்டும் எடுத்துவிடுங்கள். கல்லாகியிருந்தால் அல்லது பள்ளம் கண்ணுக்கே தெரிந்தால் மணல்தாள் உதவாது. பழைய சில்லுக்குப் புது றப்பர் வார்த்துத் தருபவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தம்பி செய்யக்கூடிய உண்மையான உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

கை எழும்பாததற்குக் காரணம் கிறீஸ். தட்டு முடிந்ததும் கையைத் தூக்கித் திருப்பும் பல்லுச்சில்லுகளிலும் வழுக்கும் தகடுகளிலும் தொழிற்சாலையில் பூசியது இப்போது மெழுகுவர்த்தி மாதிரி இறுகியிருக்கும். பலவந்தமாகத் தள்ளினால் பல் உடையும். சுழல்மேடையைக் கழற்றும்போது நடுவிலிருக்கும் 'சி' வடிவக் கிளிப்பை ஒரு துணியால் மூடிக்கொண்டு எடுங்கள், தெறித்துப் போனால் அகப்படாது. அதன் அடியில் வொஷர், குண்டுவளையம், வொஷர் என்ற ஒழுங்கு இருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் ஃபோனில் படமெடுங்கள். பழைய கிறீஸை அற்ககோலும் பழைய பற்பிரஷும் கொண்டு கழுவி, வெள்ளை லிதியம் கிறீஸ் மிக மெல்லியதாகப் பூசுங்கள். ஆனால் கிறீஸ் படவே கூடாத இடம் ஒன்று உண்டு. பெரிய பல்லுச்சில்லின் மேலே, தொட்டாலே அசையும் சிறிய இரண்டு தகடுகள் இருக்கும். கை தட்டின் முடிவுக்கு வேகமாக உள்ளே வருவதை உணர்வது அவைதான். அவை துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் ஒட்டிக்கொண்டு, பாட்டின் நடுவிலேயே கை எழும்பும், அல்லது எழும்பவே மாட்டாது. நல்ல திருத்துநர்களும் தவறுவது இந்த இடத்தில்தான்.

இனி, சன்னமான பாட்டு. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அக்காலத்துக் காட்ரிட்ஜ்கள் பலவற்றில் ரொஷெல் உப்பு என்ற பளிங்கு உண்டு. அது உப்புத்தான், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துபோகும். வாடைக்காற்று மழையையும் கடல் ஈரத்தையும் இத்தனை வருடம் வாங்கியது உயிரோடு இருக்கும் என்று நம்பாதீர்கள். அதைத் திருத்த வழி இல்லை, மாற்றத்தான் வேண்டும். செரமிக் வகையாக இருந்தால் ஈரத்தைத் தாங்கும். ஆனால் செரமிக்குக்கு ஏறத்தாழ ஒரு மெகாஓம் மின்தடையுள்ள உள்ளீடு தேவை. ஹோம் தியேட்டரின் ஓக்ஸ் வழி பொதுவாகச் சில பத்துக் கிலோஓம்தான். அதில் நேரே கொழுவினால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மறைந்து, பாட்டு தகரப் பெட்டிக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். இந்த மின்தடை வித்தியாசத்தை ஈடுசெய்ய, நடுவில் எஃப்.ஈ.டி. பஃபர் என்ற சிறிய மின்சுற்று ஒன்று போட்டால் சரியாகும். ரேடியோ திருத்தத் தெரிந்தவர் ஒருவர் அரை நாளில் செய்து தருவார்.

கை எத்தனை கிராமில் அழுத்துகிறது என்று சிறிய டிஜிட்டல் ஊசித்தராசு வாங்கி அளந்து பாருங்கள். இந்த வகை மெசின்களில் 5, 6 கிராம் வழமை. 78க்கு அது பரவாயில்லை. உங்கள் ஸ்டீரியோ எல்.பி.களை மட்டும் அதில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மோனோ காலத்து ஊசி இடம் வலமாகத்தான் அசையும். ஸ்டீரியோ பள்ளம் ஊசியை மேலும் கீழும் கூட அசைக்கிறது. அசையாத ஊசி 6 கிராமில் அதை உழுதுகொண்டு போகும். எல்.பி. உறையில் 'ஸ்டீரியோ' என்று இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். சேஞ்சரில் நாலைந்து தட்டை அடுக்கிப் போடும் பழக்கமும் வேண்டாம், ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

தம்பியின் பெல்ட் பிளேயரை மறுத்துவிடுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வோல்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. பழைய பெல்ட் பிளேயர்களில் பலவற்றின் ஏ.சி. மோட்டர் ஹேர்ட்ஸைப் பார்த்தே ஓடும். ஆகவே 33⅓ இங்கே 27.8 ஆகிவிடும். உங்கள் எல்.பி.யில் 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிப் பாடுவார். சில மெசின்களில் 50 ஹேர்ட்ஸுக்கென்று வேறு கப்பி போடலாம், அதைத் தேடி அலைவது வீண். டி.சி. மோட்டர் மெசினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அது டி.சி. என்று பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து உறுதி செய்யாமல் சரக்குக் கூலி கட்ட வேண்டாம். கொழும்பில் கிடைக்கும் ஜப்பான் ரீகண்டிஷன் பிளேயர்களுக்கும் இதே எச்சரிக்கை: அவை 100 வோல்ட், நேரே குத்தினால் எரியும்.

சூட்கேஸ் வகை வேண்டவே வேண்டாம். 78 என்று பொத்தான் இருக்கும், ஊசி எல்.பி. ஊசிதான். கையின் பின்முனையில் இருந்து ஊசியின் அழுத்தத்தைச் சமன் செய்யும் எதிர்ப்பாரம் கிடையாது, ஆகவே அழுத்தத்தைக் குறைக்க வழியில்லை. ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் ஊசியே அதிரும். அப்பாவின் தட்டுகளை அதில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதிதாக எடுப்பதென்றால் மூன்று விஷயம் பாருங்கள்: 78 வேகம், பின்னால் சுழற்றக்கூடிய எதிர்ப்பாரம், மாற்றக்கூடிய ஊசி. ஓடியோ டெக்னிக்கா எல்.பி. 60 எக்ஸ் எளிமையானது, தானாகவே எழும்பும். ஆனால் 78 இல்லை, எதிர்ப்பாரமும் இல்லை. ரேகா பிளேனர் 1 அருமையான மெசின், அதிலும் 78 இல்லை. உங்களுக்குப் பொருந்துவது ஓடியோ டெக்னிக்கா எல்.பி. 120 எக்ஸ். மூன்று வேகமும் உண்டு. அதில் வரும் வி.எம். 95 ஈ காட்ரிட்ஜின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் இழுத்தெடுத்து, 78க்குரிய 95 எஸ்.பி. ஊசியைச் செருகலாம். புரொஜெக்ட் டெபூ கார்பன் ஈவோவிலும் 78 உண்டு, பெல்ட்டை மாற்றிப் போட வேண்டும். எல்.பி.க்கு நல்ல இசை. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் 78 போடுபவருக்கு அந்த மாற்றல் அலுத்துப்போகும். எதை வாங்கினாலும் அடாப்டரில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

வந்ததும் மேசையை ரசமட்டத்தால் சமன் செய்யுங்கள். கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட் திருகை 0இல் வைத்து, கை அந்தரத்தில் மிதக்கும் வரை எதிர்ப்பாரத்தைச் சுழற்றுங்கள். அப்போது பாரத்தை அசைக்காமல், அதன் முன்னாலுள்ள இலக்க வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவந்து, பிறகு பாரத்தை 2 கிராமுக்குத் திருப்புங்கள். ஆன்டி ஸ்கேட்டும் 2. 78 ஊசிக்கு 5 கிராம் வேண்டும். வளையத்தில் அந்த இலக்கம் இல்லாமலிருக்கலாம், அதற்கும் அதே ஊசித்தராசு. பின்னாலுள்ள சுவிட்சை 'லைன்' பக்கம் வைத்து ஹோம் தியேட்டரின் ஓக்ஸில் கொழுவுங்கள். அம்பிளிஃபயரில் 'ஃபோனோ' என்று வழி இருந்தால் சுவிட்சும் 'ஃபோனோ'வில் இருக்க வேண்டும். இரண்டும் மாறிப்போனால் ஒன்றில் பாட்டு கிழியும், மற்றதில் கேட்கவே கேட்காது. 78 கேட்கும்போது மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இரைச்சல் கணிசமாகக் குறையும். பழைய 78கள், 1954க்குப் பிறகு வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொதுவான பதிவு முறைக்கு முந்தியவை, பாட்டு மந்தமாகக் கேட்டால் டிரெபிளைக் கூட்டத் தயங்க வேண்டாம்.

ஆகவே என் யோசனை இது: எல்.பி.க்கும் 45க்கும் புதியது, அதுவும் 78 ஊசியோடு. கரார்டை விற்க வேண்டாம், எறியவும் வேண்டாம். கப்பாசிட்டர், கிறீஸ், சில்லு மூன்றும் சரிவந்தால் 78க்கு அதைப்போல ஒரு மெசின் இன்று புதிதாகக் கிடைக்காது. சரிவர மாதங்கள் ஆகலாம், அதுவரை தட்டுகள் புதியதில் பாடும்.

தட்டுகளைக் கழுவாமல் எதிலும் போட வேண்டாம். எல்.பி.க்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு பங்கு ஐசோபுரொப்பில் அற்ககோல், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மெல்லிய துணியால் வரியோடு வரியாகத் துடைத்து, வெறும் வடிநீரால் அலசி, நிழலில் நிமிர்த்திக் காய விடுங்கள். நடுவிலுள்ள தாள் நனையக் கூடாது. 78 தட்டுக்கு அற்ககோல், ஸ்பிரிட் எதுவும் கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். வடிநீரும் ஒரு சொட்டு சோப்பும் மட்டும். ட்ரங்குப் பெட்டியில் கிடந்தவற்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருந்தால் வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள், பழைய உறையை எறிந்துவிடுங்கள், அதிலிருந்துதான் திரும்பப் பிடிக்கும். புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு யன்னல் வெயில் படும் அலுமாரியில் எல்.பி. வைத்தால் வளையும்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கரார்டின் காட்ரிட்ஜைக் கழற்றாமல், அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்புங்கள். சொனோடோன், அக்கோஸ், பி.எஸ்.ஆர். என்று ஏதாவது பெயரும் ஓர் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் தெரிந்தால் எந்த ஊசி பொருந்தும், பளிங்கா செரமிக்கா என்று சொல்லிவிடலாம்.